இடப்பக்கத்துத் தண்ணீர்ப் பை

ஜூன் 9, செவ்வாய்

பெயின்ட் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இத்தனை நாளும் டூல்ஸ் பெட்டிக்குள் கிடந்து கிரீஸ் குடித்துக்கொண்டிருந்தது. போட்டுக்கு வந்திருக்கும் கோளாறைப் பார்த்தால் எழுதி வைக்காமல் தீராது போலிருக்கிறது. எடுத்துவிட்டேன்.

கோளாறு இதுதான். எங்கள் கிளப்பின் வேக்போர்டு போட்டில், பின்சீட்டுகளுக்கு அடியில் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு பெரிய பைகள் இருக்கின்றன. சுவிட்சைப் போட்டால் பம்ப் உப்பங்கழித் தண்ணீரை இழுத்து அவற்றை நிரப்பும். பை நிறைந்தால் போட் கனக்கும். கனத்தால் பின்னால் அலை பெரிதாக எழும். அந்த அலையில் பலகை போட்டு விளையாடத்தான் சென்னையிலிருந்து காரில் வருகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் தண்ணீரை வெளியே தள்ளிவிட வேண்டும். வலது பை சமர்த்தாக வடிந்துவிடுகிறது. இடது பை வடிய மாட்டேன் என்கிறது. காலையில் வந்து பார்த்தால் போட் இடப்பக்கம் சாய்ந்துகொண்டு நிற்கிறது.

இதை என்னிடம் சொன்னவன் தினகர். மார்ச்சில் சேர்ந்த கோச். பாண்டிச்சேரிக்காரன், இருபத்தொன்பது வயது, தலையில் கொண்டை. சொன்னதுகூடப் பரவாயில்லை. லைஃப் ஜாக்கெட் கவுன்டருக்கு முன்னால் நின்று சொன்னான். கவுன்டரில் இருப்பது ஜெசிந்தா, என் மனைவி.

"சவரி அண்ணா, லெஃப்ட் பேக் வடியவே மாட்டேங்குதுண்ணா. கொஞ்சம் பாருங்களேன்."

கொஞ்சம் பார்ப்பதாம். இந்த போட் வந்த நாளிலிருந்து நான்தான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இவன் பாண்டியில் கொண்டை வளர்த்துக்கொண்டிருந்த காலத்திலிருந்து.

ஜூன் 10, புதன்

பம்பைக் கழற்றினேன். சல்லடையில் பாசி, ஒரு குட்டி நண்டு. நண்டைத் தண்ணீரில் விட்டேன். பை அப்படியேதான் இருக்கிறது.

ஜெசிந்தா இப்போதெல்லாம் காலை ஆறு மணிப் பூசைக்குப் போகிறாள். நவநாள் ஜெபமாம். பூசை முடிந்து அப்படியே கிளப்புக்கு வந்துவிடுகிறாள். முன்பெல்லாம் எட்டு மணிக்கு இருவரும் ஒரே வண்டியில் வருவோம். பக்தி நல்லதுதான்.

ஜூன் 12, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்!

சீட்டைக் கழற்றிவிட்டு, கையில் டார்ச்சோடு பக்கத்திலேயே படுத்துக்கொண்டு பம்பை ஓடவிட்டுப் பார்த்தேன். தண்ணீர் குறையக் குறையப் பை தளர்ந்து மடிகிறது. மடிந்த ரப்பர் போய் வெளியேறும் ஓட்டையிலேயே ஒட்டிக்கொள்கிறது. பம்ப் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது. பம்ப் கத்துகிறது, தண்ணீர் வரவில்லை. ஸ்ட்ரா வைத்து இளநீர் குடிக்கும்போது வழுக்கை வந்து அடைத்துக்கொள்வது போலத்தான்.

ஒரு முழப் பிளாஸ்டிக் பைப்பில் சுற்றிலும் துளை போட்டு, பைக்குள் அந்த ஓட்டையில் செருகிவிட்டேன். இனி ரப்பர் ஒரு பக்கம் ஒட்டினாலும் மற்ற துளைகள் வழியாகத் தண்ணீர் வந்துவிடும். நிரப்பிக் காலி செய்து பார்த்தேன். அப்பளம் போலத் தட்டையாகிவிட்டது பை.

தினகர் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணா, நீங்க வேற லெவல்" என்றான். ஜெசிந்தா பார்த்தது என்னை அல்ல, அவனை. அவன் ஏதோ சொன்னான், அவள் சிரித்தாள். வீட்டில் அந்தச் சிரிப்பை நான் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்துக்கொண்டே ஸ்பேனரைத் தண்ணீரில் போட்டுவிட்டேன். பதினாலாம் நம்பர். நல்ல ஸ்பேனர்.

எனக்கென்ன வந்தது. சிரிக்கட்டும்.

ஜூன் 15, திங்கள்

மறுபடியும் தண்ணீர். சனிக்கிழமை சாயங்காலம் நானே காலி செய்துவிட்டுப் போனேன். இன்று காலை இரண்டு குடம் நிற்கிறது, இடது பையில் மட்டும். வெளிக்குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி ஏறுகிறதோ என்று ஒருவழி வால்வு ஒன்று வாங்கி மாட்டினேன்.

இன்னொரு விஷயம் உறுத்துகிறது. வேக்போர்டுக்கு இரண்டு பைகளையும் சமமாக நிரப்புவோம். கயிறு இல்லாமல் போட்டின் அலையிலேயே சறுக்கும் ஆட்டம் ஒன்று இருக்கிறது, அதற்கு மட்டும் ஒரு பக்கம்தான். இடது காலை முன்னால் வைத்து நிற்பவருக்கு இடது பை, வலது காலை வைப்பவருக்கு வலது பை. யாருக்கு எந்தக் கால் என்று தெரியாவிட்டால், தினகர் அவர்களுக்குத் தெரியாமல் பின்னாலிருந்து முதுகில் லேசாகத் தள்ளுவான். விழாமல் இருக்க எந்தக் கால் முன்னால் வருகிறதோ அதுதான் கால். வருகிறவர்களுக்கு இது ஒரு வேடிக்கை.

தினமும் காலை ஆறு மணிக்கு தினகர் பயிற்சி எடுப்பது எனக்குத் தெரியும். கலீல் பாய் போட் ஓட்டுவார். உமையாள் மேடம் கொடுத்த அனுமதி, கிளப் அவருடையது. ஆனால் தினகருக்கு வலது கால். அவன் ஆடினால் வலது பையில் அல்லவா தண்ணீர் நிற்க வேண்டும்?

ஜூன் 17, புதன்

பூசைக்குப் போய்வந்தவளுக்குத் தலை ஈரம். கேட்டதற்கு, "தலைக்குக் குளிச்சிட்டுப் போனேன்" என்றாள். வீட்டில் ஷாம்பு தீர்ந்து மூன்று நாளாகிறது. அதனால் ஒன்றும் இல்லை. சும்மா எழுதினேன்.

ஜூன் 18, வியாழன்

வால்வு மாட்டியும் தண்ணீர் நிற்கிறது. இன்று வீட்டிலிருந்து சொட்டு நீலம் பாட்டிலைக் கொண்டுபோனேன். சாயங்காலம் இடது பையைச் சுத்தமாகக் காலி செய்துவிட்டு, பாட்டில் முழுவதையும் அதற்குள் ஊற்றிவிட்டேன். ராத்திரி கழித்தண்ணீர் கசிந்து இரண்டு குடம் சேர்ந்தால், காலையில் அது மை போல இருக்க வேண்டும்.

ராத்திரி சாப்பாட்டின்போது ஜெசிந்தா, "சொட்டு நீலம் எங்கங்க? பாட்டிலே காணோம்" என்றாள்.

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும்."

"எலி இன்னாத்துக்கு நீலம் போடப்போவுது?"

ஜூன் 19, வெள்ளி

மை இல்லை. இரண்டு குடம் தண்ணீர் இருந்தது. வெள்ளை டம்ளரில் பிடித்துப் பார்த்தால், நீலம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு வெளுத்திருந்தது. அதாவது தண்ணீர் கசியவில்லை. யாரோ பையை முழுக்க நிரப்பி, ஓட்டி, திரும்பக் காலி செய்திருக்கிறார்கள். நான் வருவதற்குள் முடிக்கிற அவசரத்தில், கடைசி இரண்டு குடம் வடியும் முன்பே பம்பை நிறுத்திவிடுகிறார்கள்.

பழுது இல்லை. பழுது எப்போதோ சரியாகிவிட்டது. காலை ஆறு மணிக்கு இடது காலை முன்னால் வைக்கிற யாரோ ஒருவர் என் போட்டில் ஆடுகிறார்.

ராத்திரி சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். ஜெசிந்தா முதுகைக் காட்டிக்கொண்டு மீன் கழுவிய பாத்திரத்தோடு நின்றிருந்தாள். எனக்கே தெரியவில்லை, கை போய்விட்டது. பின்னாலிருந்து லேசாகத் தள்ளினேன்.

இடது கால்.

"யோவ்!" என்று திரும்பினாள். கல்யாணமானதிலிருந்து என்னை யோவ் என்று அவள் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. "பைத்தியம் கியித்தியம் புடிச்சிடுச்சா? மீன் தண்ணி மொத்தமும் மேல ஊத்திச்சு பாருங்க."

"பல்லி" என்றேன். "முதுகுல பல்லி இருந்துச்சு."

அவளுக்குப் பல்லி என்றால் பயமே கிடையாது.

ஜூன் 20, சனி

ஆறு மணிப் பூசைக்குப் போனேன். ஜெசிந்தா இல்லை. முடிந்து வெளியே வரும்போது பாதர் தோளில் தட்டி, "என்ன சவரி, அதிசயமா இருக்கு! ஜெசிந்தாவுக்கு உடம்பு எப்படி? ரொம்ப நாளா காணோமே" என்றார். நன்றாக இருக்கிறாள் பாதர் என்றேன்.

அங்கிருந்து கிளப்புக்குப் பின்னால் உள்ள சவுக்குத் தோப்புக்குப் போய் நின்றேன்.

போட் வந்தது. கலீல் பாய் முன்னால் பார்த்து ஓட்டுகிறார். தினகர் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறான். பின்னால் ஆடுகிறவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது கிளப் விதி. விதி எவ்வளவு வசதியாக இருக்கிறது பாருங்கள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் அலைமேல் நின்றிருந்தாள். என் பழைய கறுப்பு டிராக் பேன்ட், முழுக்கைச் சட்டை, கவுன்டரிலிருந்து எடுத்த ஆரஞ்சு ஜாக்கெட். இடது கால் முன்னால்.

விழுந்தாள். போட் வளைந்து வந்தது. திரும்ப நின்றாள். திரும்ப விழுந்தாள். விழுந்து தலையைத் தூக்கும்போதெல்லாம் சிரித்தாள். தினகர் சிரிக்காமல் கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொடுத்தான். அவள் ஒழுங்காகத் தலையாட்டினாள். நான் ஏதாவது சொன்னால் அவள் தலையாட்டி நான் பார்த்ததில்லை.

வயிறு எரிகிறது. இதை வேறு எப்படி எழுதுவது? வயிறு எரிகிறது.

ஜூன் 22, திங்கள்

உமையாள் மேடம் அறைக்குப் போனேன். யோசித்துக்கொண்டு போன வாக்கியம் இது: "மேடம், காலைல ஸ்டாஃப் யாரோ அனுமதி இல்லாம போட்டை யூஸ் பண்றாங்க." இதைச் சொன்னால் தினகர் வேலை போகும். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் போனேன்.

சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"சவரி, விளையாடுறியா? பெர்மிஷன் கொடுத்ததே நான்தான். ஸ்கூல் பொண்ணுங்க பேட்ச் வரப்போகுது. லேடி கோச் இல்லாம பேரன்ட்ஸ் அனுப்ப மாட்டேங்கறாங்க. தினகர்தான் ஜெசிந்தா பேரைச் சொன்னான். கடல்ல நீந்தி வளர்ந்த பொண்ணு, பயமே இல்லைன்னான். வர்ற ஞாயித்துக்கிழமை நானே போட்ல உக்காந்து டெஸ்ட் வைக்கிறேன். பாலத்துல இருந்து படித்துறை வரைக்கும் விழாம வந்தா அவதான் கோச். வீட்ல சொல்லலையா அவ?"

"சொன்னா மேடம். சொன்னா. வேற யாரோன்னு நெனச்சிட்டேன்."

வெளியே வந்தேன். கவுன்டரில் ஜெசிந்தா ஒரு குழந்தைக்கு ஜாக்கெட் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். மேடத்துக்குத் தெரியும், கலீல் பாய்க்குத் தெரியும், வாட்ச்மேனுக்குத் தெரியும். அவளுக்குப் பயமில்லை என்பதுகூட இன்னொருவன் சொல்லித்தான் மேடத்துக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் ஆறு மணிப் பூசை.

ஜூன் 25, வியாழன்

தோசை சுட்டுக்கொண்டே கேட்டாள்: "ஞாயித்துக்கெழம காலைல உங்களுக்கு இன்னா வேலை?"

"ஏன்?"

"சும்மாதான். ஒரு ஏழு மணிக்கு கிளப்புக்கு வர முடியுமா?"

"லீவு நாள்ல நான் எதுக்கு வரணும்? அங்க என்ன நடக்குது?"

சொல்லியிருக்கலாம். அவள் வாயைத் திறந்தாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன். அடுத்த தோசை தீய்ந்தே வந்தது, அதையும் தின்றேன்.

ஜூன் 27, சனி

சாயங்காலம் இடது பம்பின் வயரைக் கழற்றிவிட்டேன். கனெக்டரில் உப்புப் பூத்திருந்தது. சுத்தம் செய்ய வேண்டும். திங்கட்கிழமை மாட்டலாம்.

ஜூன் 28, ஞாயிறு

ஆறே முக்காலுக்கு தினகர் போன் செய்தான். "அண்ணா, லெஃப்ட் பம்ப் ஓடலண்ணா. மேடம் வந்துட்டாங்க. ப்ளீஸ், சீக்கிரம் வாங்க."

போனேன். படித்துறையில் மேடம், மேடத்தின் டிரைவர், வாட்ச்மேன். கலீல் பாய் ஸ்டியரிங்கில். போட்டின் பின்பலகையில் கையில் போர்டோடு ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். அதே டிராக் பேன்ட். என்னைப் பார்த்ததும் போர்டை மடியில் கவிழ்த்து வைத்தாள். திருடும்போது பிடிபட்டவள் மாதிரி இருந்தாள். பிடிபட வேண்டியவன் நான்.

சீட்டைத் தூக்கி உள்ளே தலையைவிட்டேன். கழன்ற வயர் கண்ணெதிரே தொங்கியது. இரண்டு நிமிட வேலை. முனை இரண்டையும் சேர்த்து அமுக்கினால் க்ளிக்.

தலையை வெளியே எடுத்தேன். "மோட்டார் போச்சு" என்றேன். "புதுசுதான் வாங்கணும்."

ஜெசிந்தா முகம் செத்துப்போனது. மேடம் வாட்சைப் பார்த்தார். "அப்போ இன்னொரு நாள் வச்சுக்கலாம். ஆனா ஸ்கூலுக்கு நாளைக்கு நான் பதில் சொல்லணும்…"

அதைக் கேட்கத்தான் நான் வந்தேன். கேட்டும்விட்டேன். ஆனால் அந்தக் கொண்டை சும்மா இருக்குமா?

"மேடம், பைக்குப் பதிலா ஆளுங்கள உக்கார வச்சா அதே வெயிட்தானே?" என்றான் தினகர். "நீங்க, உங்க டிரைவர், வாட்ச்மேன். லெஃப்ட்ல நெருக்கி உக்காந்தா போதும். இன்னும் ஒரு ஆள் வேணும். நல்லா வெயிட்டா." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் எடை தொண்ணூற்றிரண்டு கிலோ.

"ஏறு சவரி" என்றார் மேடம்.

ஏறினேன். காலியாகத் தட்டையாகக் கிடந்த அந்தப் பைக்கு நேர் மேலே, மூலையில் என்னை உட்கார வைத்தான் தினகர். "அண்ணா, அலையே உங்க கையிலதான் இருக்கு. யாரு எழுந்தாலும் அலை சின்னதாயிடும், அக்கா விழுந்துடுவாங்க. படித்துறை வர வரைக்கும் அசையாதீங்க."

அக்காவாம்.

பாலத்தடியில் திருப்பினோம். கலீல் பாய் வேகம் எடுத்தார். போட் இடப்பக்கம் சாய்ந்தது. அலை எழுந்தது, பச்சையாக, கண்ணாடி மாதிரி. ஜெசிந்தா கயிற்றைப் பிடித்து எழுந்தாள். இடது கால் முன்னால். முழங்கால் நடுங்கியது. பிறகு நின்றது. கயிற்றை போட்டுக்குள் வீசினாள். எதையும் பிடிக்காமல் வந்தாள்.

எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு பஸ் நீளம்கூட இல்லை. அவள் பார்வை முழுக்க தினகர் மேல். "முட்டிய மடக்குங்கக்கா! அப்டித்தான்! சூப்பர்!" அவன் கையைத் தாழ்த்தினால் இவள் தாழ்ந்தாள், உயர்த்தினால் உயர்ந்தாள். அவன் கண்ணசைவுக்கு அவள் உடம்பு அசைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அசையாமல்.

எழுந்துவிடலாம் என்று தோன்றியது. மறைக்கவில்லை, தோன்றியது. இங்கிருந்து எழுந்து வலப்பக்கம் இரண்டு எட்டு வைத்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். கால் மரத்துப்போச்சு என்று சொல்லிக்கொள்ளலாம். சீட்டு விளிம்பைப் பிடித்துவிட்டேன். பின்பக்கம் கொஞ்சம் தூக்கியும்விட்டேன்.

அலையின் உச்சி அந்த நொடியே தொய்ந்தது. ஜெசிந்தா பின்தங்கினாள். கை இரண்டும் காற்றில் துழாவியது. அப்போதுதான் அவள் தினகரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. வாய் மட்டும் சொன்னது, சத்தம் எஞ்சினில் போய்விட்டது, ஆனால் எனக்குப் புரிந்தது.

"உக்காருங்க."

உட்கார்ந்தேன். இருந்த தொண்ணூற்றிரண்டு கிலோவையும் வைத்து உட்கார்ந்தேன். மூச்சை இழுத்துப் பிடித்தேன், அதனால் எடை கூடும் என்பது போல. அலை திரும்ப எழுந்து அவள் காலடிக்கு வந்தது. அவள் முன்னால் சாய்ந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.

படித்துறை வந்தபோது மேடம் கை தட்டினார், டிரைவர் விசிலடித்தார், தினகர் குதித்தான். எல்லோரும் எழுந்தார்கள். நான் மட்டும் எழவில்லை. அவள் ஏறி வந்து தலையைத் துவட்டிக்கொண்டு, "முடிஞ்சிருச்சுங்க, எந்திரிங்க" என்ற பிறகுதான் எழுந்தேன். உண்மையிலேயே கால் மரத்திருந்தது.

ஜூன் 29, திங்கள்

காலையில் காபியோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"பம்ப் நெஜமாவே போச்சா?"

டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "வயரைக் கழட்டினேன்" என்றேன்.

அவள் தன் காபியை ஆற்றத் தொடங்கினாள்.

"உனக்கு ஏன் எங்கிட்ட சொல்லத் தோணல?" என்று நான்தான் கேட்டேன். கேட்கிற யோக்கியதை இல்லைதான்.

"விழுந்து விழுந்து எந்திரிச்சிட்டிருந்தேங்க. நீங்க பாத்தா சிரிப்பீங்க. தினகர் மாஸ்டர் சிரிக்கல." காபியை ஒரு வாய் குடித்தாள். "நெசமா நிக்க ஆரம்பிச்சப்புறம் கூப்புடலாம்னு இருந்தேன். கூப்புட்டேன். நீங்க டிவிய சத்தமா வச்சீங்க."

அடுத்ததையும் அவளே கேட்டாள்:

"மாட்ட எவ்ளோ நேரம் ஆவும்?"

"ரெண்டு நிமிஷம்."

"அப்ப போய் மாட்டிருங்க. பொதன்கெழமையிலேர்ந்து பொண்ணுங்க வராங்க." எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "பாதில எந்திரிக்கப் போனீங்க இல்ல? பாத்தேன். உக்காந்தீங்க. அதையும் பாத்தேன்."

இன்று இருவரும் ஒரே வண்டியில்தான் போனோம். பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடிக்கவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்கட்டும்.

ஜூலை 1, புதன்

பள்ளிக்கூடப் பெண்கள் வந்தார்கள். ஜெசிந்தா ஒவ்வொருத்தியையும் பின்னாலிருந்து லேசாகத் தள்ளிப் பார்த்தாள். ஒரே கும்மாளம். என்னைப் பார்த்து ஒருத்தியிடம், "இந்த அங்கிள் தள்ளினா மீன் தண்ணி ஊத்தும்" என்றாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த இரண்டு நாளில் என்னைப் பற்றி அவள் பேசிய முதல் பேச்சு.

ஜூலை 4, சனி

கனெக்டரில் கிரீஸ் வைத்து இறுக்கிவிட்டேன். இடது பை நன்றாக நிறைகிறது, கடைசிச் சொட்டுவரை வடிகிறது. வால்வு சரி. போட் நேராக நிற்கிறது. ஒரு குறையும் இல்லை. மெக்கானிக்காக இந்தக் கோளாறைப் பற்றி இனி எழுத எதுவும் இல்லை.

காலை ஆறு மணிப் பயிற்சிக்கு அவளைக் கொண்டுபோய் விட்டேன். நானும் ஏறட்டுமா என்று கேட்கவில்லை. கேட்டாலும் எதற்கு என்பாள், பம்ப்தான் ஓடுகிறதே. படித்துறையில் நின்று பார்த்தேன். தினகர் மேல் இருந்த எரிச்சல் பாதி குறைந்துவிட்டது. மீதிப் பாதி இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இன்று வயிறு எரிந்தது அவனைப் பார்த்து அல்ல.

போட் இடப்பக்கம் சாய்ந்தது. பச்சை அலை எழுந்தது. அவள் கயிற்றை வீசிவிட்டு வந்தாள். நான் உட்கார்ந்திருந்த மூலையில், சீட்டுக்கு அடியில், முந்நூற்று நாற்பது லிட்டர் உப்பங்கழித் தண்ணீர் அசையாமல் உட்கார்ந்து அவளைத் தூக்கி நிறுத்திக்கொண்டு போனது. அதற்கு எழுந்திருக்கத் தெரியாது. கொடுத்து வைத்த பை.